ஒரு பல்புக்கு இரண்டு குமிழ்

எங்கள் வீட்டு ட்யூப் லைட் ஒருநாளும் போட்டவுடன் எரிந்ததில்லை. தொண்ணூறுகளில் கணபதியில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் தெருவிலுள்ள பட்டறைகள் எல்லாம் ஒன்றாக ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும், எரியலாமா வேண்டாமா என்று ட்யூப் லைட் துடித்துக்கொண்டே இருக்கும். யாராவது ஸ்டூலில் ஏறி ஓரத்திலிருக்கும் ஸ்டார்ட்டரைப் பிடித்துத் திருகிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மகளின் வேலை. அவள் அப்போதுதான் பத்தாவதில் கால் வைத்திருந்தாள். என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள்.

அன்றும் அவள்தான் ஏறினாள். நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஸ்டூல் சாய்ந்த சத்தம் கேட்டு ஓடி வந்தால், பிள்ளை தரையில் கிடக்கிறாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே சொருகியிருக்கிறது. தலைக்கு மேலே ட்யூப் லைட் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் அடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஈரக்கையோடு தொடக்கூடாது என்று துடைப்பக்கட்டையைத் தேடி ஓடினேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து உள்ளே வந்தார். வாயில் நுரையைப் பார்த்ததும் வலிப்பு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சாவி சாவி என்று கத்தினார். சாவிக்கொத்து கைக்கு அகப்படவில்லை. பம்பு கம்பெனியில் வேலை செய்கிற மனிதர், சட்டென்று பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பிள்ளையின் கையில் திணித்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் இழுத்த இழுப்பில் நெற்றியில் அடிபட்டு வீங்கியதுதான் மிச்சம்.

டாக்டர் பொறுமையான மனிதர். சாவியும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் போதும் என்றார். விட்டு விட்டு அடிக்கிற வெளிச்சம் இந்தப் பிள்ளைக்கு ஆகாது, நல்ல தூக்கம் வேண்டும், கும்மிருட்டில் இருக்கும்போது பளிச்சென்று லைட் போடாதீர்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஒருமுறை பள்ளிக்கூடத்திலேயே, பிரேயர் நடக்கும்போது வந்துவிட்டது. தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாகப் பேசவில்லை. பொங்கல் வரைக்கும் வீட்டில் இருக்கட்டும், வலிப்பு ஒருதடவைகூட வராவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பரீட்சையில் உட்கார வைக்கிறேன் என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு வேறு நோம்பி கிடையாது, பொங்கல் ஒன்றுதான். தீபாவளிக்குத் தெருவே வெடித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

வலிப்பு என்று வெளியில் சொல்லவில்லை. பெண்பிள்ளை. எங்கள் சனத்தில் இன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தை, பத்து வருடம் கழித்துப் பெண் பார்க்க வருகிற வீட்டில் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டோம். காங்கேயத்திலிருந்து என் நாத்தனார் பஸ் ஏறி, கீழாநெல்லியை அரைத்து உருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மோரில் கலக்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். இல்லாத காமாலைக்கு என் மகள் முகம் சுளிக்காமல் குடித்தாள். குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

ட்யூப் லைட்டைக் கழற்றி எறிந்தாயிற்று. அவள் படுக்கும் நடு அறையில் குண்டு பல்பு மாட்டினோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பகலிலும் லைட் இல்லாவிட்டால் ஆள் தெரியாது. சுவிட்ச் சமையலறைக் கதவோரம் இருந்தது, கட்டில் எதிர்ச் சுவரோரம் கிடந்தது. லைட்டை எரியவிட்டால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். அணைத்துவிட்டால், மூச்சு விடுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பார்ப்பதற்காகச் சுவிட்சைத் தட்டினால் முழு வெளிச்சமும் முகத்தில் விழும், அவள் உடம்பு தூக்கிவாரிப் போடும், என் உயிர் போய்விட்டுத் திரும்பி வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சமும் பேயாகத்தான் இருந்தது.

டிம்மர் என்று ஒன்று இருப்பதை வீட்டுக்காரர்தான் எங்கோ பார்த்துவிட்டு வந்தார். குமிழைத் திருகத் திருக பல்பின் வெளிச்சம் மெதுவாகக் கூடும், மெதுவாகக் குறையும். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவோரம் இருந்தால் நான் மெல்லக் கூட்டிப் பார்க்கலாம். கட்டிலோரம் இருந்தால், பயந்து விழிக்கும்போது அவளே கூட்டிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் வேண்டுமே என்றேன். அதற்கென்ன என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே டவுன்ஹால் பக்கம் போய் இரண்டு டிம்மர் வாங்கி வந்துவிட்டார்.

வயரிங் வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. அவருடைய பங்காளி ஒருவர், முறையில் தம்பி, இரண்டு தெரு தள்ளி எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தார். வேலை சுத்தம், வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. இத்தனை சின்ன அறைக்கு எதற்கு டிம்மர் என்று கேட்பார், கேட்டதை ஊருக்குக் கொண்டுபோவார். அதனால் அவரைக் கூப்பிடவில்லை. தவிரவும், கோயமுத்தூரில் பிறந்த ஆண்பிள்ளைக்கு எலெக்ட்ரிக் வேலை தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? மோட்டாரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவர்களுக்கு ஒரு பல்பு எம்மாத்திரம்.

"ரெண்டு டிம்மரையும் எப்படிங்க சேத்துவீங்க?" என்று கேட்டேன்.

திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தவர் அதை எடுத்துவிட்டு விளக்கினார். அவர் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "எங்க தோட்டத்துல கெணத்து மேட்டுல ஒரு கேட்வால்வு, கடைசியில தென்னைக்குப் போற எடத்துல ஒரு கேட்வால்வு. எங்க நிக்கறமோ அங்கிருந்தே தண்ணியக் கூட்டிக் கொறைச்சுக்குவோம். ஒரே பைப்பு, ரெண்டு வால்வு. இதும் அதேதான் அம்மணி."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரே வயர், இரண்டு குமிழ். மாட்டி முடித்ததும் மூவரும் விளையாடிப் பார்த்தோம். நான் கதவோரம் குறைத்தேன், வெளிச்சம் குறைந்தது. கூட்டினேன், கூடியது. மகள் கட்டிலோரம் குறைத்தாள், அதுவும் குறைந்தது. அவள் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். இரண்டு குமிழையும் ஒரே நேரத்தில் குறைத்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில், அவள் மாத்திரை போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். அடுத்த வீட்டில் வெல்டிங் பட்டறை. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எப்போதும்போல அவளை ஒருதடவை பார்த்துவிடலாம் என்று கதவோரம் வந்து, மெல்லத் திருகினேன். வெளிச்சம் வரவில்லை. இன்னும் திருகினேன். வரவில்லை. கடைசிவரைக்கும் திருகிவிட்டேன், அறை அப்படியே இருட்டாகக் கிடந்தது. அவள் தூங்கும்முன் தன் பக்கத்துக் குமிழை அடிவரை இறக்கிவிட்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. ஏதோ ஆகிவிட்டது என்ற பயத்தில் "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டேன்.

பாதித் தூக்கத்தில் அவள் கையை நீட்டித் தன் குமிழைத் திருகியிருக்கிறாள். அதே நேரத்தில் நான் என்னுடையதைப் பின்னால் திருகிக்கொண்டிருந்தேன். பல்பு உறுமியது. ஒருதரம் எரிந்து அணைந்தது. அடுத்த வீட்டில் வெல்டிங் பொறி கிளம்பியதும் இன்னும் மோசமாகத் துடிக்க ஆரம்பித்தது. நிறுத்த வேண்டும் என்று நான் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். நான் எதைச் செய்தாலும் அது துடிப்பு ஒன்றைத்தான் செய்தது. கழற்றி எறிந்த ட்யூப் லைட் எங்கள் கையாலேயே திரும்ப வந்துவிட்டது. அந்த வெட்டு வெளிச்சத்தில் என் மகளின் கை குமிழை விட்டு நழுவுவதைப் பார்த்தேன். விரல்கள் மடங்கின, தாடை கிட்டியது, உடம்பு வில்லாக வளைந்து இழுக்க ஆரம்பித்தது.

முன் அறைக்கு ஓடி மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தேன். வீடு முழுக்க இருண்டது. சுவரைத் தடவித் தடவி வந்து கட்டிலைப் பிடித்தேன், அவளைப் பிடித்தேன், ஒருக்களிக்க வைத்தேன். முகம் தெரியவில்லை. இழுப்பு மட்டும் என் கையில் தெரிந்தது. அது நின்றபோது, நின்றது வலிப்பா மூச்சா என்று தெரியவில்லை. அவள் மூக்கின் கீழ் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் கும்பிடாத சாமி இல்லை, திட்டாத சாமியும் இல்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த நாற்றம் வந்தது. எழுந்துபோய் அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

நெடுநேரம் கழித்து அவள் பேசினாள். "ஏனுங்கம்மா, லைட்டு போடுலீங்களா?"

"கரண்டு போயிருச்சு கண்ணு."

"நாக்குல ரத்தம் வருதுங்கம்மா" என்றாள். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் வந்ததும் நான் வாயை அடக்கவில்லை. "தண்ணிக்கும் கரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசர்கிட்ட என்ற புள்ளைய ஒப்படைச்சுப்போட்டனே. ஒரு வால்வு மூடியிருந்தா இன்னொண்ணத் தொறந்து என்னங்க பண்றது? உங்க தோட்டத்துத் தென்னைக்காச்சும் தண்ணி போயிருக்குமா?"

தோட்டத்தில் ஒரு வால்வு மூடியிருந்தால் அதைத் திறக்க ஆள் அங்கேயே நடந்துபோக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மாட்டும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கழற்றிய டிம்மர் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, துவைத்த துணியைப்போலத் தொய்ந்து உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு என்னிடம் அவருக்குக் கொடுப்பதற்குப் பாவம் மிச்சமில்லை.

"நாளைக்கு உங்க தம்பியக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"ஊரெல்லாம் சொல்லிப்போடுவான்."

"சொல்லட்டுங்க. ஊர் வாய மூட உலைமூடி எங்கீங்க இருக்குது? புள்ளை இருந்தாத்தானுங்க கண்ணாலம்."

மறுநாள் காலையில் பங்காளி வந்தார். சுவரில் தொங்கிய வயரையும் கழற்றி வைத்த இரண்டு டிம்மரையும் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஏனுங்கண்ணா, ஒரே உறையில ரெண்டு கத்தியா? ஒரு பல்புக்கு ஒரு டிம்மருதானுங்க. அது ஒரு பக்கம் இருக்கும். இன்னொரு பக்கம் மாடிப்படி லைட்டுக்குப் போடறமில்லீங்க, அந்த டூவே சுவிட்சு. அதுல போடலாம், அணைக்கலாம். கூட்டிக் கொறைக்கறது டிம்மரு இருக்கற பக்கம் மட்டுந்தான்." சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் பயந்த கேள்வியைக் கேட்டார். "ஆமா, இந்த ரூமுக்கு எதுக்குங்க இத்தன வேலை?"

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். காமாலைக்கும் வெளிச்சத்துக்கும் ஏதாவது முடிச்சுப் போட முடியுமா என்று தேடியிருப்பார். கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள் அதற்குள் சொல்லிவிட்டாள். "எனக்கு வலிப்பு வருதுங்க சித்தப்பா. லைட்டு துடிச்சா வரும்."

பங்காளியின் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார், மறுபடி எடுத்தார். "சரி சாமி, துடிக்காமப் பண்ணிக் குடுத்தரலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "டிம்மர எந்தப் பக்கம் வெக்கட்டுங்க?"

"கதவோரம்" என்றேன் நான். "இங்கீங்க சித்தப்பா" என்றாள் அவள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "கை இழுத்துக்கிட்டா நீ எப்படித் திருகுவ? நான் பாக்க வேண்டாமா?"

"நீங்க எப்பிடிப் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியுங்கம்மா." அவள் குரலை உயர்த்தவில்லை. "கதவோரம் நின்னு கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுவீங்க. நான் செத்துட்டனா இருக்கறனான்னு பாப்பீங்க. நான் தூங்கறமாதிரியே படுத்திருப்பேன். ஒவ்வொரு வாட்டியும் எனக்கே சந்தேகம் வந்துருதுங்கம்மா."

பங்காளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எந்தத் தாய் பார்க்காமல் இருப்பாள் என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு பங்காளிக்குக் கட்டில் பக்கம் கையைக் காட்டினேன். டிம்மர் கட்டிலோரம் போயிற்று. எனக்குக் கிடைத்தது வெறும் சுவிட்ச்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. பங்காளி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நாங்கள் பயந்ததுபோல வானம் இடிந்து விழவும் இல்லை. காங்கேயத்து நாத்தனார்தான் வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, "பச்சப்புள்ளைக்கு அத்தனை கீழாநெல்லியக் குடுத்துப்போட்டனே, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று என்னை வைதார். பொங்கலுக்குப் பிறகும் மகள் பள்ளிக்குப் போகவில்லை. அவளோடு படித்தவர்கள் பரீட்சை எழுதப் போன காலையில் அவள் வாசல் பக்கமே வரவில்லை. வலிப்பு நின்றுவிட்டதா என்றால், இல்லை. அதற்குப் பிறகும் வந்தது. ஆனால் அந்த அறையில், அந்த வெளிச்சத்தால் வரவில்லை.

அந்தச் சுவிட்சுக்குப் பழகுவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தட்டினால், அவள் எவ்வளவில் விட்டிருக்கிறாளோ அவ்வளவுதான் எரியும். சிலநாள் முகம் தெரியுமளவுக்கு. சிலநாள் பல்புக்குள் சிவப்பு இழை மட்டும் தெரியும், கட்டில் தெரியாது. அதைவைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. கண் பழகும்வரை கதவோரமே நின்று, மூச்சுச் சத்தத்தைத் தேடுவேன். கேட்டபிறகு அணைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவேன். ஒவ்வொரு தடவையும் அவள் கையிலிருந்து அந்தக் குமிழைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருக்கும்.

அடுத்த வருடம் மறுபடி பத்தாவதில் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்குப் போவதற்கு முந்தைய நாள் பொழுதோடு, வெல்டிங் பட்டறையின் சத்தத்துக்கு நடுவில் அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவோரம் போய்ச் சுவிட்சைத் தட்டினேன். இருட்டு. மறுபடி தட்டினேன். இழைகூடத் தெரியவில்லை. பழைய திங்கட்கிழமை அப்படியே என் காலைப் பிடித்துக்கொண்டது. உள்ளே போகவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. வைத்த விரல் சுவிட்ச்மேலேயே இருந்தது.

"இருங்கம்மா" என்ற குரல் கேட்டது. "நீங்க கையை எடுத்துக்கோங்க. நானே கூட்டறேன்."

வெளிச்சம் கட்டில் பக்கத்திலிருந்து மெதுவாக ஏறியது. முதலில் இழை, பிறகு சுவர், பிறகு ஆணியில் தேய்த்து மாட்டிய பள்ளிச் சீருடை. துடிக்காமல் கூடிக்கொண்டே வந்தது. அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, குமிழைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கூட்டினாள், என் முகத்தைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் கூட்டினாள். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று பார்க்கிறாள் எனத் தெரிந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.